தோள்வலியோடு 32 கிலோ கயாக்கை வேகன்ஆர் கூரையில் ஏற்றுவது எப்படி?

ஒற்றியூர்_துடுப்பு:

வணக்கம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை மீன்பிடி கயாக். 12 அடி நீளம், 80 செ.மீ. அகலம், வெறும் கூடு மட்டும் 32 கிலோ. கார் வேகன்ஆர். வீடு திருவொற்றியூரில், தண்ணீரில் இறக்குவது எண்ணூர் முகத்துவாரம் பக்கம்.

எனக்கு வயது 57. வலது தோளில் தசைநார் கிழிசல். தோள் மட்டத்துக்கு மேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி கூட வருவார். அவரால் 10 கிலோவுக்கு மேல் முடியாது. விடியற்காலையில் கூப்பிட வேறு ஆள் கிடையாது.

கூரையில் இப்போது கேரியர் எதுவும் இல்லை. எந்த மாதிரி போடுவது, இரண்டு பேர் தோளுக்கு மேல் தூக்காமல் எப்படி ஏற்றுவது, இதுதான் கேள்வி. டிரெய்லர் வேண்டாம், எங்கள் தெருவில் அதை நிறுத்த இடமில்லை. வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடிய வழியாக இருந்தால் நல்லது.

---

மணலி_ஃபேப்:

சார், ஏற்றுவதற்கு முன்னால் கூரையைப் பார்க்கணும். காரோடு வந்த கையேட்டில் கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்க. அந்த எண் கேரியரையும் சேர்த்துத்தான். கேரியர் 8 கிலோ, கயாக் 32, பெல்ட், பலகை எல்லாம் சேர்த்தால் 45 பக்கம் வந்துவிடும். துடுப்பு, சீட், நங்கூரம், மீன் பெட்டி எதையும் மேலே வைக்காதீங்க, எல்லாம் டிக்கிக்குள்ளே போகட்டும்.

அக்சஸரி கடையில் கூரை ரெயில் என்று ஒட்டிக் கொடுப்பதில் பாதிக்குமேல் வெறும் அழகுக்கு. டபுள் டேப்பில் நிற்கும் பிளாஸ்டிக் அது, அதில் கயாக்கைக் கட்டினால் ரெயிலோடு பிய்ந்துகொண்டு போகும். உங்களுக்கு வேண்டியது கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். கதவைத் திறந்து, ரப்பர் பீடிங்குக்கு மேலே உள்ள தகர மடிப்பில் கொக்கி உட்காரணும். கொக்கிக்கும் தகரத்துக்கும் நடுவில் 2 எம்.எம். ரப்பர் வையுங்க. வைக்காவிட்டால் பெயின்ட் போய், உப்புக்காற்றில் அந்த இடத்திலிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

பைப்புக்கு ஒரு இஞ்ச் ஜி.ஐ. (ஜிங்க் பூசிய இரும்பு), பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) போதும். மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ வரும். இரண்டு பைப், ஒவ்வொன்றும் கிளாம்ப் காலுக்கு வெளியே இரு பக்கமும் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கணும். முன் பைப்புக்கும் பின் பைப்புக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, 80 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். வெல்டு வைக்கும் இடத்தில் ஜிங்க் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்க. எடுக்காவிட்டால் ஜிங்க் எரிந்து வரும் புகையை மூச்சில் இழுப்பது கெடுதல், வெல்டிலும் பொத்தல் விழும். முடிந்ததும் அந்த இடத்துக்கு ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட். எண்ணூர் காற்றுக்கு வெறும் சில்வர் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது.

இன்னொன்று. கயாக்கின் உள்கூட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். பின்முனையில் உள்ள வடிகால் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, முன்முனையைத் தூக்கி முழுக்க வடிய விடுங்க. 5 லிட்டர் நின்றால் 5 கிலோ கூட. அதுவும் சாய்க்கும்போது ஒரு முனைக்கு ஓடி, கையில் இருக்கும் முனை திடீரென்று கனக்கும்.

---

எர்ணாவூர்_அலை:

பெரும்பாலானவர்கள் செய்வது பின்பக்கமாகத் தள்ளி ஏற்றுவது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏன் உங்களுக்கு அது முழுசாக ஒத்துவராது என்பதையும் சொல்கிறேன்.

கயாக்கை எப்போதும் மொத்தமாகத் தூக்கக் கூடாது. ஒரு முனை தரையில் இருக்க, மறு முனையைத் தூக்கினால் கையில் வருவது பாதி, அதாவது 16 கிலோ. முன்முனையைக் கூரையின் பின்விளிம்பில் சாய்த்துவிட்டு, பின்பக்கம் வந்து வாலைத் தூக்கித் தள்ள வேண்டும். தூக்க ஆரம்பிக்கும்போது 16 கிலோ. மூக்கு அரை மீட்டர் உள்ளே போனதும் 13 கிலோவாகும், 90 செ.மீ. போனால் 11க்கும் கீழே வந்துவிடும். நடுப்பகுதி தாங்கு புள்ளியைத் தாண்டும்போது கையில் கனமே இருக்காது. வால் உயர உயரக் கனம் குறைந்துகொண்டே போவதுதான் இந்த முறையின் அருமை. தாழ்வாக இருக்கும்போது கனம், தோள் மட்டத்துக்கு வரும்போது லேசு.

வேகன்ஆர் 1675 மி.மீ. உயரம். உங்களுக்குப் பிரச்சினை முதல் தூக்கு. 16 கிலோ முனையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக உங்கள் தோள் விடாது. நான் சொல்லக்கூடியது, இடத்தைப் பயன்படுத்துங்கள். முகத்துவாரம் பக்கம் ரோடு ஓரத்திலேயே கரை மேடு இருக்கும் இடங்கள் உண்டு. கார் பள்ளத்தில், கயாக் மேட்டில். 40 செ.மீ. மேடு கிடைத்தாலே தூக்க வேண்டிய உயரம் 1.3 மீட்டருக்குள் வந்துவிடும், அது நெஞ்சு மட்டம். காரின் பின்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும்.

கூரையின் பின்விளிம்பில் பழைய யோகா மேட் ஒன்றை நான்காக மடித்துப் போடுங்கள். ஸ்பாய்லர், வைப்பர், ஆன்டெனா மேல் கயாக் உட்காரவே கூடாது. அவை கனம் தாங்கச் செய்தவை அல்ல. ஆன்டெனாவைத் திருகி எடுத்துவிடுங்கள். அந்த யோகா மேட் அடியில் மணல் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்டை எடுத்துவிடும், ஆகவே ஒவ்வொரு தடவையும் உதறி, ஈரத்துணியால் கூரையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

---

ஒற்றியூர்_துடுப்பு:

ரொம்ப நன்றி. கரை மேடு யோசனை போகும் இடத்துக்குச் சரி. வீட்டு வாசல் சமதளம், சிமெண்ட் தரை. அங்கே என்ன செய்வது? பக்கவாட்டில் கேரியர் பைப்பை வெளியே நீட்டி, அதில் முதலில் மூக்கை வைக்கிற முறை பற்றிப் படித்தேன். அது உதவுமா?

---

மணலி_ஃபேப்:

நீட்டுப் பைப் நல்ல முறைதான். ஒன்னேகால் இஞ்ச் பைப்பைக் கேரியராகப் போட்டு, அதுக்குள்ளே ஒரு இஞ்ச் பைப்பை விட்டால் 2 எம்.எம். ஆட்டத்தோடு வந்து போகும். 60 செ.மீ. வெளியே இழுத்து, மூக்கை அதில் வைத்து, வாலைப் பின் பைப்பில் வைத்து, அப்புறம் மூக்கை உள்ளே தள்ளணும். ஆனால் உயரம் குறையவில்லையே சார். நீட்டின பைப் தரையிலிருந்து 1.75 மீட்டரில்தான் இருக்கும். இது பின்கண்ணாடியைக் காப்பாற்றும், உங்கள் தோளைக் காப்பாற்றாது.

இன்னொரு சங்கதியும் கவனிக்கணும். வெளியே 60 செ.மீ.யில் 16 கிலோ உட்கார்ந்தால், எதிர்ப்பக்கக் கிளாம்பை அது மேலே தூக்கும். 11, 12 கிலோ இழுவை அங்கே வரும். அந்தப் பக்கக் கிளாம்ப் லூசாக இருந்தால் மொத்தக் கேரியரும் எழும்பும்.

---

காசிமேடு_கப்பி:

அண்ணே, உங்க நிலைமைக்குத் தூக்குறதை விட்டுடுங்க. இழுத்து ஏத்துங்க. தார் டிரம்மை லாரியில ஏத்துற மாதிரி ரெண்டு சாய்வுப் பலகை, ரெண்டு கயிறு. பக்கவாட்டுல படகு ஏறும், நீங்களும் அண்ணியும் காருக்கு அந்தாண்ட நின்னு கயித்தைக் கீழ்நோக்கி இழுப்பீங்க. கை தோளுக்கு மேல போகவே போகாது.

கயிறு போற வழியைப் புரிஞ்சுக்கிட்டா மத்தது சுலபம். ஒவ்வொரு கயித்தோட ஒரு நுனியைக் கயாக் இருக்குற பக்கத்துக் கேரியர் பைப்புல கட்டிடணும். அங்கேருந்து கயிறு சாய்வுப் பலகை ஓரமா இறங்கி, தரையில கிடக்குற கயாக்குக்கு அடியில புகுந்து, வெளிப்பக்கமா வளைஞ்சு மேல வந்து, கயாக் மேலேயே போய், கேரியர் பைப்பைத் தாண்டி, கூரையைக் கடந்து எதிர்ப்பக்கம் இறங்கும். இப்போ கயாக் ஒரு ஊஞ்சல்ல கிடக்குற மாதிரி கயித்து மடியில கிடக்கு. ஒரு மீட்டர் ஏற ரெண்டு மீட்டர் கயிறு இழுக்கணும், அதனால கனம் பாதி.

கணக்கு இதுதான். 9 அடிப் பலகை 1.75 மீட்டர் உயரத்துல சாஞ்சா ஏறக்குறைய 40 டிகிரி சாய்வு, பலகை அடி காருலேருந்து 2 மீட்டர் தள்ளி நிக்கும். 32 கிலோ கயாக்கை அந்தச் சாய்வுல மேல நகர்த்த, உராய்வையும் சேத்தா 27 கிலோ வேணும். ரெண்டு கயிறு, ஒவ்வொண்ணும் பாதியாக்குது, ஆக ஆளுக்கு ஏறக்குறைய 7 கிலோ. பைப்புலயும் படகுலயும் கயிறு தேயுறதால நிஜத்துல 10 பக்கம் வரும். கேரியர் பைப்புல கயிறு ஏறுற இடத்துல 40 எம்.எம். பி.வி.சி. பைப் ஒரு சாண் நீளம் அறுத்து மாட்டிடுங்க. ஒரு இஞ்ச் ஜி.ஐ. மேல அது லேசா உருளும், தேய்மானம் பெரிசா குறையும். அதுவும் உடம்பு எடையைக் கீழ விட்டு இழுக்குற இழுவை, இடுப்புக்கும் தோளுக்கும் தொந்தரவு இல்லை.

கயிறு 10 எம்.எம். பாலியஸ்டர், ஆளுக்கு 10 மீட்டர். நைலான் வேணாம், நனைஞ்சா ரப்பர் மாதிரி நீளும், நிறுத்தி நிறுத்தி இழுக்கும்போது படகு கீழ வழியும். மெல்லிசுக் கயிறு வாங்கினா கையை அறுத்துடும். துறைமுகத்துக்கு வெளிய இருக்குற கயித்துக் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க.

எதிர்ப்பக்கத்துல கயித்தை மாட்டி நிறுத்த ஒரு கொம்பு வேணும். 12 எம்.எம். கம்பியில ஒரு சாண் நீளத்துக்குக் கிளாம்ப் கால் மேல வெல்டு வச்சிடுங்க, படகுல கயிறு சுத்துற கொம்பு மாதிரி. மூக்குப் பக்கம் ஒரு முழம் இழுத்துக் கொம்புல ரெண்டு சுத்து. அப்புறம் வால் பக்கம் ஒரு முழம். மாத்தி மாத்தி ஏத்தினா ஒருத்தரே கூட ஏத்தலாம்.

முதல்ல செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. கயாக்கோட சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிக்கணும். ஒரு பைப் துண்டு மேல வச்சு முன்னும் பின்னும் நகர்த்தினா எங்க நிக்குதோ அங்க ஒரு இன்சுலேஷன் டேப் சுத்துங்க. பெரும்பாலும் நட்ட நடுவுல இருக்காது, வால் பக்கம் கொஞ்சம் கனமா இருக்கும். அந்த டேப் ரெண்டு பலகைக்கும் சரியா நடுவுல வரணும். ஒரு சாண் தள்ளிப் போனாக்கூட ஒரு முனை முந்தும், படகு கோணும், பலகையை விட்டுச் சறுக்கும்.

படகை அடிப்பக்கம் கீழ இருக்குற மாதிரியே ஏத்துங்க. கவுத்து ஏத்தினா கைப்பிடி, கொக்கி எல்லாம் பலகையில மாட்டும். அடியில இருக்குற மேடு பள்ளம் பலகை விளிம்புல சில தடவை தட்டி நிக்கும். முரட்டுத்தனமா வெடுக்குனு இழுக்காம, ஒரு முனையை மட்டும் கொஞ்சம் ஏத்தினா அது தாண்டிடும். பலகை மேல ஒரு மக் தண்ணி ஊத்திக்கிட்டா வழுக்கிட்டுப் போகும்.

படகோட பாதி அகலம் பைப்பைத் தாண்டுற நேரம் கவனம். அதுவரைக்கும் சாஞ்சு இருந்தது சட்டுனு படுத்து பைப் மேல விழும். அந்த இடம் வந்ததும் கயித்தைக் கொம்புல சுத்திட்டு, அண்ணி இந்தப் பக்கம் வந்து படகோட கீழ் விளிம்புல ஒரு கை வச்சுக்கட்டும். தூக்க வேணாம், வேகத்தைத் தணிச்சா போதும். நீங்க அரை முழம் அரை முழமா இழுங்க. பைப் மேல ரெண்டு இஞ்ச் ஃபோம் இருந்தா சத்தம் கூட வராது.

காத்து இருந்தா, காத்து அடிக்கிற பக்கத்துலதான் கயாக்கை வைக்கணும். கடல்காத்து கிழக்கேருந்துன்னா கிழக்குப் பக்கம். அப்போ காத்து படகைப் பலகையோட அமுக்கும். எதிர்ப்பக்கமா வச்சா அடியில புகுந்து படகைப் பலகையை விட்டுத் தூக்கி உங்க ஆள் மேலயே சாய்ச்சிடும். மத்தியானத்துக்கு மேல திரும்பி வர்றப்போ இதை மறக்கவே கூடாது.

---

மணலி_ஃபேப்:

கப்பி அண்ணன் சொன்னதுதான் சரியான வழி. கேரியருக்கும் நல்லது, ஏனென்றால் ஒரு பக்கம் பலகை கீழே அமுக்கும், எதிர்ப்பக்கம் நீங்க கீழே இழுப்பீங்க. எந்தக் கிளாம்பும் மேலே எழும்பாது.

பலகைக்கு மரம் வேண்டாம். 3 x 1½ இஞ்ச் நாட்டு மரம் 9 அடி ஒன்றே 5 கிலோ வரும். அலுமினிய பாக்ஸ் செக்‌ஷன் 2 x 1 இஞ்ச், 2 எம்.எம். கனம் வாங்குங்க. 9 அடித் துண்டு இரண்டு கிலோதான் இருக்கும். 2 இஞ்ச் பக்கம் நின்ற வாக்கில் இருக்கணும், படுக்க வைத்தால் வளையும். கயாக் பாதி எடைக்கு அது தாராளமாகத் தாங்கும். 1 எம்.எம். கனத்தில் ஜன்னலுக்கு விற்பதை வாங்காதீங்க, கொக்கி போல்ட் போடும் இடத்தில் நசுங்கும்.

மேல் முனையில் 5 எம்.எம். பட்டையை ப வடிவில் வளைத்து இரண்டு 8 எம்.எம். போல்ட். அது கேரியர் பைப் மேல் கவிழ்ந்து உட்காரணும். கொக்கியின் வாய் வழியாக ஒரு பின் போட்டுவிட்டால் பலகை நகரவே நகராது. பாக்ஸுக்குள்ளே போல்ட் போகும் இடத்தில் மரக்கட்டை ஒன்றைச் செருகிவிட்டு முறுக்குங்க. கால் பக்கம், சிமெண்டுக்குப் பழைய லாரி ட்யூப் ரப்பர். மணலுக்கு ஒரு சாண் சதுர பிளைவுட். மணலில் வெறும் கால் புதையும், அதுவும் இரண்டு கால் ஒரே அளவு புதையாது, உடனே படகு கோணும்.

மேல் விளிம்பில் வயரிங்குக்குப் போடும் பி.வி.சி. கேசிங் பட்டையைக் கவிழ்த்து ரிவெட் அடித்தால் வழுக்கும், கயாக்கில் கீறலும் விழாது. கார்பெட் சுற்றாதீங்க, அது பிடிக்கும்.

பலகையைக் கூரையிலேயே பைப் மேல் கட்டிக்கொண்டு போகலாம். காருக்குள் 9 அடி போகாது.

---

எர்ணாவூர்_அலை:

இழுக்க ஆரம்பிக்கும் முன் ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்ப்பக்க டயருக்குக் கீழே ஒரு கல். இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஏற்றியபிறகு கட்டுவது. 25 மி.மீ. கேம் பக்கிள் பெல்ட் (கையால் இழுத்தால் பக்கிளே கவ்விப் பிடிக்கும் வகை) இரண்டு, ஒவ்வொன்றும் 4 மீட்டர். ராட்செட் பெல்ட் வேண்டாம். அதன் கைப்பிடி கொடுக்கும் இறுக்கம் இந்தப் பிளாஸ்டிக்குக் கூடுதல், வெயிலில் பாலிஎத்திலீன் இளகும்போது பெல்ட் இருக்கும் இடத்தில் குழி விழும். கையால் இழுத்துப் பிடிக்கும் அளவு போதும். கயாக்கைப் பிடித்து அசைத்தால் கார் சேர்ந்து அசைய வேண்டும், கயாக் தனியாக அசையக் கூடாது, அதுதான் அளவு. பெல்ட்டில் ஒரு முறுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் உறுமும்.

முன்முனைக் கட்டு கட்டாயம். டிக்கியில் டூல் பையில் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து அதைத் திருகுங்கள். கயாக்கின் மூக்குக் கைப்பிடியிலிருந்து அதற்குக் கயிறு. பம்பர், கிரில் இரண்டிலும் கட்டாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி ரோட்டிலும் கன்டெய்னர் டிரெய்லர் கடந்து போகும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். முன்கட்டு இல்லாத கயாக் அப்போது மூக்கைத் திருப்பும், இரண்டு பெல்ட்டும் அதைத் தடுக்காது. 50க்கு மேல் போக வேண்டாம்.

கயாக் 3.66 மீட்டர், கார் 3.655. சரியாக நடுவில் வைத்தால் முன்னும் பின்னும் துருத்தாது. அனுமதித்த அளவுக்கு மேல் சுமை நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். உயரம் கேரியர், ஃபோம் எல்லாம் சேர்த்து இரண்டே கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே சப்வேக்குள் நுழையும் முன் உயரப் பலகையைப் பாருங்கள்.

கயாக்கின் வடிகால் துளைகளில் அடைப்பான் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வழியில் மழை பிடித்தால் கூரையில் தொட்டி மாதிரி நிரம்பும்.

---

ஒற்றியூர்_துடுப்பு:

இதுதான் நான் தேடியது. நாளையே பட்டறைக்குப் போகிறேன். இறக்கும்போது அப்படியே தலைகீழாகச் செய்தால் போதுமா?

---

காசிமேடு_கப்பி:

போதும், ஆனா ஏத்துறதை விட இறக்குறதுலதான் நிதானம் வேணும். ஏத்துறப்போ ஆனாலும் இறக்குறப்போ ஆனாலும் கயித்தை விட்டா 32 கிலோவும் ஓடும். பெல்ட்டை அவுக்குறதுக்கு முன்னாலயே பலகையை மாட்டி, கயித்தைக் கயாக்குக்கு அடியில சுத்தி, எதிர்ப்பக்கக் கொம்புல ரெண்டு சுத்து போட்டு இறுக்கிடுங்க. அதுக்கப்புறம்தான் முன்கட்டை அவுக்கணும், கடைசியா பெல்ட்.

படகைப் பலகைப் பக்கம் தள்ளுறது நெஞ்சு மட்டத்துல நின்னு செய்ய முடியாது, அதனால கைப்பிடியில ஒரு சின்னக் கயிறு கட்டிக் கீழேருந்து இழுங்க. அண்ணி அதை இழுக்கட்டும், கொம்புக் கயிறு உங்க இடது கையில இருக்கட்டும். விளிம்பைத் தாண்டிச் சாஞ்சதும் அண்ணி உடனே ஒதுங்கிடணும், பலகைக்கு நேரா கீழ யாரும் நிக்கக் கூடாது. ரெண்டு கொம்புலயும் ஒரு முழம், ஒரு முழமா மாத்தி விடுங்க. சுத்தை முழுசா அவுக்காதீங்க, ஒரு சுத்தாவது எப்பவும் இருக்கணும், அந்த ஒரு சுத்துதான் கனத்தைப் பிடிக்கும். ஈரக் கை, ஈரக் கயிறு, ரப்பர் புள்ளி வச்ச நூல் கையுறை போட்டுக்குங்க.

தரைக்கு வந்ததும் சக்கர வண்டியில ஏத்தித் தண்ணிக்குக் கொண்டு போங்க. மணல்ல அகலமான பலூன் டயர் வேணும், ஒல்லி டயர் புதையும். இழுத்துட்டுப் போனா வாலோட அடிமுனை தேஞ்சு ஒரு நாள் ஓட்டை விழும், அந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டுப் போடுறது கஷ்டம், பசை பிடிக்காது, சூடு வச்சு உருக்கித்தான் அடைக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் கிளாம்ப், கொக்கி, போல்ட் எல்லாத்தையும் நல்ல தண்ணியில அலசி, போல்ட் மரையில கிரீஸ் தடவுங்க. பி.வி.சி. உருளைக்குள்ள மணல் புகுந்திருந்தா அது சுத்தாது, கழட்டிக் கழுவி மாட்டுங்க.